ஒரே ஃபிளாஸ்க், ஐந்து வீடுகள்

மார்ச் 4, திங்கள்

இயக்குநர் முத்திசியா காலையில் அழைத்தார். புதிய வறுமை அளவீடு முறையானது, எவருக்கும் அநீதி இழைக்காதது என்ற சட்டச் சான்றிதழில் மாத இறுதிக்குள் நான் கையொப்பமிட வேண்டுமாம். நைரோபியில் யார் ஏழை என்பதை எங்கள் ஆய்வு மையம் இனி வீட்டுப் பொருள்களுக்கு மதிப்பெண் இட்டுத் தீர்மானிக்கும். எரிவாயு அடுப்புக்கு இத்தனை, தொலைக்காட்சிக்கு இத்தனை, சுவர்க் கடிகாரத்துக்கு இத்தனை. கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டினால் அது ஏழை வீடன்று. அதன் இலவச மருத்துவ அட்டை ரத்தாகும்.

"ஒரு கையெழுத்துதானேய்யா வக்கீலு, ஏன் இப்படி முழிக்கிற?" என்றார்.

நேரில் பாராத ஒன்றுக்கு நான் சான்றளிப்பதில்லை என்றேன்.

"அப்ப போய்ப் பாரு. ஷூவுல சேறு ஒட்டும், பரவாயில்லையா?"

மார்ச் 6

கணக்கெடுக்கும் செரோனோவுடன் முகுமோனி என்ற குடிசைப்பகுதிக்குச் சென்றேன். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பகுதித் தலைவர் முந்தைய மாலையே ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார். ஆகவே தகரச் சந்து பெருக்கித் தண்ணீர் தெளிக்கப்பட்டிருந்தது.

முதல் வீடு நியாபோகே என்பவருடையது. சாலையோரத்தில் சப்பாத்தி சுட்டு விற்கிறார். மகள் போசிபோரிக்குப் பிறவியிலேயே இரத்தநோய், மாதந்தோறும் மருத்துவமனை. அட்டை இருப்பதால்தான் அந்தப் பெண் பள்ளிக்குப் போய் வருகிறாள். சேவல் படம் போட்ட ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினார். மூடி தொலைந்துபோய், சோளத்தக்கையைச் செதுக்கி அடைத்திருந்தார்கள். மூலையில் சிவப்பு எரிவாயு உருளை, அதன் தலையிலேயே அடுப்பு. பக்கத்தில் சின்னத் தொலைக்காட்சி, சுவரில் கடிகாரம். செரோனோ மதிப்பெண்களைக் குறித்துக்கொண்டாள்.

மூன்றாம் வீட்டிலும் தேநீர். அதே சேவல். அதே சோளத்தக்கை.

ஐந்தாம் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் வீட்டில் எட்டு இருபது காட்டியது. இங்கும் எட்டு இருபதுதான்.

வெளியே வந்தபோது வீடுகளின் பின்புறம் ஒரு பெண், இடுப்பில் சுற்றும் லேசோத் துணிக்குள் எதையோ அணைத்துக்கொண்டு, நாங்கள் வந்த வழியே திரும்பி ஓடினாள். துணி விலகியபோது சிவப்பு தெரிந்தது.

மார்ச் 7

நேற்று குடித்த தேநீர் ஐந்து கோப்பை. ஃபிளாஸ்க் ஒன்று.

மார்ச் 12

முடிவுகள் வந்துவிட்டன. ஐந்து வீடுகளும் வரம்புக்கு மேல். நியாபோகே ஏழை அல்லர்.

ஒரே பொருள்கள்தான் ஐந்து வீடுகளுக்கும் சுற்றி வந்தன என்று முத்திசியாவிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "நாடகம் போட்டா நஷ்டம் அவங்களுக்குத்தான். அடுத்த தடவை வீட்டைக் காலி பண்ணி வைக்கச் சொல்லு."

இது நாடகமா? விருந்தாளி வரும் வீட்டுக்கு அண்டை வீட்டார் தம்மிடம் உள்ளதில் நல்லதைக் கொடுத்தனுப்புவது இந்நகரில் எல்லாச் சந்துகளிலும் உள்ள வழக்கம். என் திருமணப் பேச்சின்போது எங்கள் வீட்டிலிருந்த நாற்காலிகளில் பாதி எங்களுடையவை அல்ல. மேலும், நம் கேள்வி "வீட்டில் எரிவாயு அடுப்பு உள்ளதா?" என்பது. உள்ளது என்றார்கள், உண்மை. யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. பொய்ச்சாட்சி எங்கே இருக்கிறது?

மார்ச் 13

சுலபமான வழி ஒன்று இருப்பதாக எண்ணி முகுமோனிக்குப் போனேன். மறு கணக்கெடுப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், அன்று வீட்டை வெறுமையாக வைத்தால் போதும் என்றும் நியாபோகேயிடம் பக்குவமாகத்தான் சொன்னேன்.

சப்பாத்திக் கட்டையை அப்படியே கீழே வைத்தார்.

"வக்கீலய்யா, உங்க வீட்டுக்கு நான் வந்தா நெளிஞ்ச டப்பாவுல டீ குடுப்பீங்களா?"

"அது இல்லம்மா, அட்டைக்காக…"

"அட்டைக்காக நான் பிச்சைக்காரி வேஷம் போடணும். அதானே? என் பொண்ணு அதைப் பாத்துக்கிட்டு நிக்கணும். போட மாட்டேன். கணக்கு தப்புன்னா கணக்க மாத்துங்க. என் வீட்ட ஏன் மாத்தச் சொல்றீங்க?"

பக்கத்து வீட்டு அகோத், அந்த ஃபிளாஸ்கின் உரிமையாளர், வாசலிலிருந்தே சிரித்தார். "விடு நியாபோகே, பாவம் மனுஷன். அன்னிக்கு அஞ்சு டீ குடிச்சாரே, இன்னும் வயித்துல ஆடிக்கிட்டு இருக்கும்."

மார்ச் 14

தூக்கம் இல்லை. என்ன காரியம் பண்ணப் பார்த்தேன்? அளவுகோல் கோணல்னா மனுஷங்களை வளைக்கிறதா? சட்டம் படிச்சவன் சொல்ற யோசனையா அது?

கையொப்பமிட மாட்டேன்.

மார்ச் 19

மறுப்பை எழுத்தில் கொடுத்தேன். முத்திசியா அதை மேசையில் கவிழ்த்து வைத்தார். "உன் ஒப்பந்தம் ஜூன்ல முடியுது, தெரியும்ல?" தெரியும் என்றேன். "சரி, இது வேணாம்னா வேற என்ன? அவங்க அழுகையை லிட்டர்ல அளக்கவா?"

கேள்வி ஏளனமானது, ஆயினும் விடை தர வேண்டிய கேள்வி. மாலையில் முகுமோனியில் உட்கார்ந்து புதிய கேள்விகளுக்கு வரைவு எழுதினோம். நான் எழுத எழுத நியாபோகேயும் அகோத்தும் அடிக்கச் சொன்னார்கள். "உங்கள் வருமானம் போதுமானதா?" என்று எழுதினேன். "யாருக்கய்யா போதுது? உங்க இயக்குநருக்குப் போதுதா?" என்றார் அகோத். அடித்தேன். குடிநீரைக் குழாயில் பிடிக்கிறீர்களா, கேனில் வாங்குகிறீர்களா? நிற்கட்டும். கழிப்பறைக்குக் காசு கொடுக்கிறீர்களா? நிற்கட்டும். கையில் காசு இல்லாத வாரத்தில் முதலில் எதை விடுகிறீர்கள்?

நியாபோகே மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "மொதல்ல என் ராச்சாப்பாடு. அப்புறம் வாடகை. அவ மாத்திரைய இன்னும் விட்டதில்ல" என்றார்.

"இன்னும்" என்ற சொல்லின் கீழ் கோடிட்டேன்.

மார்ச் 27

நான் சான்றளிக்க மறுத்ததால் புதிய முறை பற்றிப் பொது விசாரணை. தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி வன்சாலா அம்மையார். என் மறுப்புரையை வாசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. முகுமோனிப் பெண்கள், எல்லோரும் தேவாலயத்துக்குப் போகும் உடையில். முன்னால் நியாபோகே எரிவாயு உருளையைத் தூக்கி வந்தார், பின்னால் கடிகாரம், சின்னத் தொலைக்காட்சி, கடைசியாக அகோத், ஃபிளாஸ்குடன். ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார்கள்.

"இது என்ன, சந்தையா?" என்று முத்திசியா எழுந்தார்.

"இல்லய்யா. உங்க பேப்பர்ல அஞ்சு அடுப்பு, அஞ்சு கடிகாரம், அஞ்சு டிவி இருக்குல்ல? எல்லாம் இதுதான். நல்லா எண்ணிக்கோங்க" என்றார் அகோத்.

அவையில் சிரிப்பு. நீதிபதி கடிகாரத்தை உற்றுப் பார்த்தார். "இது ஓடலையே?"

"பேட்டரி இல்லம்மா. ஆனா உங்க கணக்குல அதுக்கும் மார்க்கு உண்டு."

பிறகு அகோத் சோளத்தக்கையை எடுத்து ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றி நீதிபதியின் முன் வைத்தார். விசாரணையின் நடுவே தரப்பினரிடம் எதையும் பெறுவது முறையன்று. ஆட்சேபிக்க வேண்டியவன் நானே. ஆட்சேபிக்கவில்லை. அவர் குடித்தார். குடித்துவிட்டு, "சான்றிதழில் கையொப்பமிடுவீர்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை, அம்மா."

"திருத்தினால்?"

"பொருள்களை எண்ணுவது தொடரும் வரை, இல்லை."

மே 2

ஆணை வந்தது. மதிப்பெண் முறை நிராகரிக்கப்பட்டது. புதிய கேள்விகள் சோதிக்கப்படும் வரை எந்த அட்டையும் ரத்தாகாது. எங்கள் வரைவிலிருந்து மூன்று கேள்விகளை ஏற்றிருக்கிறார்கள், மற்றவற்றை விட்டிருக்கிறார்கள். "கையில் காசு இல்லாத வாரத்தில்" நிற்கிறது.

போசிபோரி இன்று மருத்துவமனைக்குச் சென்றாள். அட்டை செல்லுபடியாயிற்று.

ஜூன் 28

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. முத்திசியா கை குலுக்கினார். "பிடிவாதக்காரன்யா நீ." பாராட்டாகவே பதிவு செய்கிறேன்.

ஜூலை 8

முகுமோனிச் சந்தையை ஒட்டி வக்கீல் அலுவலகத்துக்கு ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பலகையில் பெயர் எழுதியாயிற்று. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். வாடகைக்குப்பின் கையில் எஞ்சுவது சொற்பம். இரவுச் சாப்பாட்டைச் சில நாள்களாக விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு என் விடை இது.

இன்று முதல் கட்சிக்காரர் வருவதாக இருந்தது. செய்தி எப்படிப் பரவியதோ, காலையில் கதவு தட்டப்பட்டது. நியாபோகே. லேசோத் துணியை விலக்கி மேசைமேல் ஒன்றை வைத்தார். சேவல், சோளத்தக்கை, உள்ளே சூடான தேநீர்.

"விருந்தாளி வர்ற எடம். சும்மாவா இருக்கும்? சாயந்திரத்துக்குள்ள குடுத்துருங்க, ஆறாவது வீட்டுல பொண்ணு பாக்க வர்றாங்க."

பதிவுக்காக: இந்த அலுவலகத்தில் ஒரு ஃபிளாஸ்க் உள்ளது. என்னுடையதன்று.