எந்த மண்டபம் என்று கேட்டவர்

அண்ணே,

இன்று காலை பாரிஸ் லா ஷப்பல் மெட்ரோ நிலையப் படிகளில் இறங்கும்போது உங்கள் தைல வாசனை அடித்தது. முட்டி வலிக்கு நீங்கள் பூசிக்கொள்ளும் அதே பச்சைத் தைலம். கூடவே கம்ப்ரசர் எண்ணெயின் நெடி. திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. வேலை இடத்துக்குப் போய்ச் சேரும்வரை மறுபடி திரும்பவில்லை.

நான் திருச்சிக்காரன், நீங்கள் யாழ்ப்பாணம். குளிர் அறைகள்தான் நம்மைச் சேர்த்தன. ரூ பெர்தொனே தெருவில் எந்த மீன்கடையின் குளிர் அறை பழுதாகி நின்றாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். என் குளிர்சாதனப் படிப்பு முடிந்து மாணவர் விசாவும் முடியப்போன நேரத்தில், என்னை டெக்னீஷியனாக எடுக்க வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி தரும் பிரெஃபெக்சர் அலுவலகத்தில் கேட்டீர்கள். உங்கள் சிறிய நிறுவனத்துக்கு இப்படியோர் ஆள் தேவையில்லை என்று மறுத்துவிட்டார்கள். நான் ஊர் திரும்பத் துணிமணிகளை எடுத்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கியிருந்தேன்.

"அந்தப் பெட்டியைத் தூக்கி மேலை வையும் தம்பி," என்றீர்கள். "திரிபுனாலிலை வழக்குப் போடுவம். நீர் எனக்கு ஏன் வேணும் எண்டு நானே வந்து சொல்லுவன்."

விசாரணை நாள் வருவதற்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

வழக்கை விட்டுவிடும்படி உறவுக்காரர்கள் அண்ணியிடம் சொன்னார்கள். அண்ணி நிறுவனத்தைத் தன் பெயருக்கு மாற்றினார். "அவர் துடங்கினது. நான் விடமாட்டன்," என்றார். ஆனால் விசாரணைக்கு வர அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் வக்கீலம்மாவும் நானும் மட்டும்தான் போனோம்.

வக்கீலம்மா பேசி முடித்ததும் நீதிபதி கேட்டார்: "வேலை கொடுப்பவர் தரப்பில் யாராவது வந்திருக்கிறார்களா?"

வக்கீலம்மா வாயைத் திறக்குமுன், கதவருகே நின்ற ஊழியர் பதில் சொன்னார். "வந்திருக்கிறார். கீழே என்னிடம்தான் எந்த மண்டபம் என்று கேட்டார். நீல வேலைச் சட்டை போட்ட பெரியவர். முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார்."

எல்லோரும் திரும்பினோம். கடைசி வரிசை காலியாக இருந்தது.

"நிறுவனத்தைத் தொடங்கியவர் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டார். இப்போது அவருடைய மனைவிதான் நடத்துகிறார்," என்றார் வக்கீலம்மா, மெதுவாக. ஊழியரின் முகம் வெளுத்துப்போனது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என் பிடரியில் மட்டும் சில்லென்று காற்றுப் பட்டது.

வெளியே வந்ததும் படிகளிலும் கூடத்திலும் தேடினேன். நீலச் சட்டைக்காரர் ஒருவரும் இல்லை. அவர் வேறு யாரோவாக இருந்திருக்கலாம். பாரிஸில் நீலச் சட்டைக்கும் முட்டி வலிக்கும் பஞ்சமா என்ன?

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. மறுப்பு செல்லாது, அனுமதி கொடுக்க வேண்டும் என்றார்கள். செய்தி சொல்லப் போனபோதுதான் அண்ணியிடம் அந்த ஊழியர் சொன்னதைச் சொன்னேன். அவர் திடுக்கிடவே இல்லை. "வாறன் எண்டு சொன்னவர்தானே தம்பி," என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைத் தொடர்ந்து உரித்தார்.

இப்போது நான் தனியாகத்தான் பழுது பார்க்கிறேன். குளிர் அறைக் கதவைப் பூட்டுமுன் நீங்கள் உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பீர்களே, "உள்ளுக்கை ஆரும் நிக்கிறியளோ?" என்று, அது என்னிடம் ஒட்டிக்கொண்டது. என் ஊர்ப் பேச்சில் கேட்க வாய் வருவதில்லை. உங்கள் பேச்சிலேயே கேட்டுவிட்டு, கொஞ்சம் காத்து நிற்கிறேன்.

பதில் வந்ததில்லை. ஆனாலும் அண்ணே, கதவை மெதுவாகத்தான் சாத்துகிறேன்.