கதையில் அக்கா பிழைத்துக்கொண்டாள்

என் செல்வியக்கா, நேற்று நம் மங்காவின் கடைசி அத்தியாயம் வந்துவிட்டது, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் படித்து முடித்துவிட்டேன், அக்காவும் தங்கையும் ரெண்டு பேருமே உயிரோடு அந்த வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

உன்னிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது. நீ இறந்து வருகிற வாரத்தோடு ஒரு வருஷம், ஆனாலும் தோன்றியது. என் பிளாகுக்கு வருகிறவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிற இடங்களை நீ தாண்டிப் போய்விடு.

மங்கா என்றால் ஜப்பான்காரர்கள் வரையும் படக்கதை. நம்முடையது ஒரு துறைமுக ஊரில் நடக்கிறது. அப்பா குடிக்க மாட்டார், ஊரில் நல்ல பெயர். கதவைச் சாத்தியதும் அடிப்பார். பெரியவள் சின்னவளை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்பாள். அம்மா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். இவ்வளவு இருட்டான கதையை எப்படிப் படிக்கிறீர்கள் என்று மங்கா படிக்கிறவர்கள் பேசிக்கொள்கிற இணைய ஃபோரத்தில் ஒருவர் கேட்டபோது, நீ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் பதில் தட்டினேன்: "எங்களுக்கு இருட்டாத் தெரியலீங்க."

அவிநாசிபாளையத்திலிருந்து பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரில் உட்கார்வோம். நீ அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங், நான் ப்ளஸ் டூ. பக்கம் பக்கமாகப் பிரிண்ட் எடுப்பதைப் பார்த்து சென்டர் அண்ணன் கேட்பார்.

"ஏனுங், பரிச்சைக்குங்களா இதெல்லாம்?"

"இல்லீங்ணா. எக்ஸ்போர்ட் ஆர்டரு. ஜப்பான் பையரு" என்பாய், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

முதல் அத்தியாயத்தை நாம் தமிழ் படிக்கிற மாதிரி இடமிருந்து வலமாகப் படித்தோம். சின்னவள் முதலில் அழுதாள். அப்புறம் அப்பா கை ஓங்கினார். அப்புறம்தான் தட்டு கீழே விழுந்து உடைந்தது. நமக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. "நம்ம ஊட்லயும் இப்படித்தான, காரணம் கடைசியாத்தான் வரும்" என்றாய். ஜப்பானில் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று ஃபோரத்தில் யாரோ சொன்னபிறகு, துணியில் குறை இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை கம்பெனியிலிருந்து கொண்டுவந்தாய். பிரிண்ட் எடுத்த தாள்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அம்பு ஒட்டி, மறுபடி முதலிலிருந்து படித்தோம். சரியான வரிசையில் படித்தபோதும் அந்த அப்பா அடித்தார்.

உனக்குக் காமாலை வந்தது கம்பெனியில் சரக்கு அனுப்புகிற ஷிப்மென்ட் நேரத்தில். கண்ணெல்லாம் மஞ்சள். "வேலைக்கு டிமிக்கி குடுக்கறா, எழுப்பி அனுப்பு" என்றார் அப்பா. நீ வேலைக்குப் போனாய். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தார்.

நீ இறந்தபிறகு நான் வீட்டில் இல்லை. அருள்புரத்தில் லேடீஸ் ஹாஸ்டல், ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை. மங்காவின் வசனக் குமிழிகளில் இருக்கிற ஆங்கிலத்தை அழித்துத் தமிழ் எழுத நானாகக் கற்றுக்கொண்டேன் இல்லையா, அதைப் பார்த்துத்தான் வேலைக்கு எடுத்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்கிறேன். அஞ்சலி போர்டில் ஊர் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, தெரியுமா? கீழே இருக்கிற பெயர்களைத்தான் படிக்கிறது. யார் பெயர் முதலில், யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று.

போன செவ்வாய்க்கிழமை அம்மா கடைக்கு வந்தார். மஞ்சப்பையில் உன் கம்பெனி ஐடி கார்டு.

"வருச தெவசத்துக்கு பஸ் ஸ்டாப்புல போர்டு வெக்கோணும்னு உங்கப்பா சொல்லீட்டாரு கண்ணு. நீயே அடிச்சுக் குடுத்துரு. மேல அவ போட்டோ. கீழ 'ஆறாத் துயரில் அன்புத் தந்தை'னு அவரு பேரு பெருசா. அப்பறம் எம்பேரு, அப்பறம் உம்பேரு."

கார்டிலிருந்த உன் போட்டோவை ஸ்கேன் செய்தேன். பெரிதாக்கியதும் உன் இடது புருவத்தின் தழும்பு திரையில் விரல் நீளத்துக்கு வந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டுக் கிட்டத்தில் உட்கார்ந்தார்.

"அதை எடுத்துரு சாமி. உனக்குத்தான் அழிக்க வருமல்ல."

"இருக்கட்டுங்ம்மா."

"பாக்கறவங்க என்னன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுங்."

உன் பெயரைத் தட்டினேன். கீழே அம்மா பெயர், அதன் கீழே என் பெயர். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மெதுவாகப் படித்து முடித்தார்.

"அப்பா பேரு எங்க கண்ணு?"

"போடலீங்ம்மா."

"பேரில்லாம எப்படி? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"அவரு வேற கடையில குடுத்து அடிச்சுக்கட்டுங். அவரு பேரை அக்கா மூஞ்சிக்குக் கீழ நான் எழுத மாட்டேன்."

பின்னால் மெஷின் யாருடைய பூப்புனித நீராட்டு விழா போர்டையோ அடித்துக்கொண்டிருந்தது. அம்மா திரையில் உன் புருவத்தின் மேல் விரலை வைத்தார்.

"அன்னைக்கு நான் சோறு வடிச்சிட்டிருந்தேன். சத்தம் கேட்டுச்சு. வடிச்சு முடிச்சுட்டுத்தான் வந்தேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"எம்பேரையும் எடுத்துரு" என்றார்.

எடுத்தேன். போர்டில் இப்போது உன் முகம், தழும்பு, உன் பெயர், கீழே தங்கை என்று என் பெயர் மட்டும். அடித்துச் சுருட்டி அம்மா கையில் கொடுத்தபோது, "கட்டறக்கு ஆளு வேண்டாம். பஸ் ஸ்டாப்புல நானே கட்டிக்கறேன்" என்றார். கட்டுவாரா, அப்பா கட்டவிடுவாரா, எனக்குத் தெரியாது.

பஸ் ஏற்றிவிடப் போனேன். வழியில் சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"உங்க ஹாஸ்டல்ல எம்மாதிரி ஆளுங்களையெல்லாம் சேத்துக்குவாங்களா?"

"மாட்டாங்ம்மா. ரூம் பாக்கட்டுங்ளா?"

"பாத்தா, ஆம்பள இல்லாத ஊட்டுக்கு எவன் குடுப்பான்?"

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, அக்கா. அதற்குள் நம் ஊர் வழியாகப் போகிற தாராபுரம் பஸ் வந்துவிட்டது. அம்மாமேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கோபத்தோடு ஒரே ரூமில் இருக்க முடியுமா? நீ இருந்தால் என்ன சொல்வாய்?

மங்காவில் கடைசிப் பக்கத்தில் அந்த அம்மா ஜன்னலில் நிற்கிறாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஃபோரத்தில் எல்லோரும் அதுதான் நியாயம் என்று எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். அப்புறம் அழித்துவிட்டேன்.

கடைசி அத்தியாயத்தைத் தமிழில் முடித்து இங்கே போடுவேன், ஒரு குமிழிகூட விடாமல். அதற்கு முன்னால் ரூம் பார்ப்பேன். உனக்கு இந்த இரண்டையும் வாக்காகத் தருகிறேன்.

இதைப் படிக்கிறவர்களே, அருள்புரத்திலோ பல்லடம் ரோட்டுப் பக்கமோ, வீட்டு ஆம்பளை எங்கே என்று கேட்காமல் ஒரு பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் வீடு வாடகைக்குக் கொடுப்பவர்கள் யாராவது தெரிந்தால் கீழே கமெண்டில் எழுதுங்கள். தெரியாதவர்கள் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். தெவசத்துக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
அலமாரிக்குப் பின்னால் நீ தள்ளிவிட்ட உன் தங்கை