ஆர்த்தி கண்ணுக்காக நான் வேண்டிக்கொண்டது

பெருமுக்கல்

அன்பு மகன் மணிமாறனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் பெண்டாட்டி ஆர்த்தியும் இங்கே சுகமாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்க ஈஸ்வரன் துணையிருக்கட்டும். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். ஆர்த்தியை வைத்துக்கொண்டு பேசுகிற விஷயம் இல்லை, அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற குமரேசன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. மாட்டுக்கொட்டகைக்கு அடிக்கக் கரைத்த சுண்ணாம்பு தெறித்து வெந்துபோன அந்தக் கண்ணால் நேற்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஆர்த்தி விழுப்புரம் போர்டைப் படித்துவிட்டாள். நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள், கண்டக்டர் சிரித்தார், நான் அழுதேன். கருவிழி மாற்றிப் போட்ட தையல் இன்னும் இருக்கிறது, சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது, கண் சிவந்தால் உடனே ஓடி வரணும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அவளை அடுப்புப் பக்கமே விடுவதில்லை, அப்பாதான் டீ போடுகிறார், அதைக் குடிக்கிற கொடுமை எனக்கு.

இனி என்னைத் தூங்கவிடாததைச் சொல்கிறேன். கண் கிடைக்கும்வரை காத்திருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து, மலைமேல் ஈஸ்வரன் கோயிலைப் பார்க்கிறபோதெல்லாம், ஈஸ்வரா ஜல்தியா ஒரு கண் கிடைக்கட்டும், ஏறி வந்து பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டினேன். அதற்கு ஒருத்தர் சாக வேண்டும் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை, மருந்து மாதிரி எங்கிருந்தோ பெட்டியில் வரும் என்றுதான் நினைப்பு. பக்கத்துக் கொல்லை மாசிலாமணி சித்தப்பா மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன் இல்லையா, அவரை எடுத்த மறுநாள்தான் கண் வந்திருக்கு வாங்க என்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். சாவு விழுந்த தெரு என்றும் பார்க்காமல் வாசலில் தேங்காய் உடைத்தேன். அப்பா திட்டினார், காதில் வாங்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து பாஞ்சாலி சித்தி வந்து உட்கார்ந்தாள். அவரு கண்ணைக் குடுத்துட்டேன் அக்கா, வந்து கேட்டாங்க, நல்லா இருந்த கண்ணை என்னாத்துக்கு மண்ணுக்குக் குடுக்கணும்னு தோணுச்சி என்றாள். ஆஸ்பத்திரியில் கேட்டோம், யாருடைய கண் என்று சொல்ல மாட்டார்களாம். நீ வேண்டினதாலயா அந்த ஆளு செத்தான், பைத்தியமாட்டம் பேசிக்கினு இருக்காத என்கிறார் அப்பா. புத்திக்குத் தெரிகிறது, மனசு கேட்கவில்லை. அது வேறு வீட்டு ஆம்பிளையின் கண்ணாக இருந்தால் மட்டும் என் பாவம் குறைந்துவிடுமா சொல்லு.

இப்போது பாஞ்சாலிதான் ஆர்த்திக்கு மத்தியானச் சொட்டு விடுகிறாள். குனிந்து அந்தக் கண்ணின் இமையை மெதுவாக விலக்குகிறாள், நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன். இது அவர் கண்தான் என்று அவளிடம் சொன்னால் பொய்யாகப் போகலாம், சொல்லாமல் இருந்தால் திருடி வைத்திருப்பது போல இருக்கிறது. போன வாரம் அவளே சொன்னாள், சாமி கடனை வச்சிக்கினு இருக்காதீங்க அக்கா, எனக்குதான் வருசம் திரும்புற வரைக்கும் மலை ஏறக்கூடாது, நீங்க போயி முடிச்சிட்டு வாங்க என்று. எந்த முகத்தோடு ஏறுவேன். அவள் தாலி இறங்கியதற்கா நன்றி சொல்லிப் பொங்கல் வைப்பது. அவளுக்கு ஏறக்கூடாத வருசம் எனக்கும் ஏறக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன். தீபாவளிக்கு நம் வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி வைக்கப் போவதில்லை, ஆர்த்திக்குப் புடவை எடுத்து அனுப்பாதே. சாமி குத்தம் வந்தால் என் தலையோடு போகட்டும், உங்களைத் தொடவேண்டாம்.

ஆர்த்தியிடம் மூச்சு விடாதே, படித்ததும் கிழித்துப் போடு. வருசம் திரும்பும்போது கண்டிப்பாக லீவு வாங்கி வா. பாஞ்சாலிக்கு முட்டி வலி, உன்னைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்து மிதித்தவரின் பெண்டாட்டி, நீதான் கைபிடித்து மேலே ஏற்ற வேண்டும். பொங்கல் வைத்து இறக்கியதும் நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவள் ஆர்த்தி கண்ணை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

உன் அம்மா
வீரம்மாள்