பாவாவின் மல்லிகையில் இறங்கிய செந்தூரம்

பாவா,

இன்று காலை ரயில்வே கேட் அருகில் ஒருவர் மல்லிகைப் பதியன் விற்றுக்கொண்டிருந்தார். ஓர் இலையைத் திருப்பினேன். கட்டைவிரலில் காவித் தூள் ஒட்டியது. பதியனைத் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன்.

யுத்த காலத்து ஆடிக் கிருத்திகையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கே.ஜி.கண்டிகையில் நீங்களும் அக்காவும் வைத்திருந்த மல்லிகைத் தோட்டத்துக்குக் காவடிப் பூ வாங்க வந்தவர், இலையில் அதே தூளைப் பார்த்தார். தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"முருகன் செந்தூரம் எறக்கிக்கீறார்பா!"

சற்று நேரத்தில் தோட்டம் கோயிலாகிவிட்டது. நானும் இட்டுக்கொண்டேன். "படிச்சவரே இட்டுக்கினாரு பாரு" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

நீங்கள் மட்டும் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனீர்கள். "இன்னா மச்சான், இது சாமியா, சீக்கா? குருத்தெல்லாம் முறுக்கிகினு வீங்கிக் கெடக்குது. நீதான் எந்நேரமும் படிச்சிகினு கீறியே, சொல்லு."

விவசாய இலாகாவின் துண்டுப் பிரசுரம் என்னிடம் இருந்தது. இது துரு நோய்; கண்ட செடியை வெட்டிக் கொளுத்தவும்; பதியன் யாருக்கும் தர வேண்டாம் என்று அதில் போட்டிருந்தது. இரண்டு முறை படித்திருந்தேன். ஆனால் அந்தத் துரு அப்போது என் நெற்றியில் இருந்தது.

"சாமி விஷயம் பாவா, நான் இன்னா சொல்றது" என்றேன்.

நீங்கள் என்னை நம்பினீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து, பதியன் போடக் கிளை ஒடித்துக் கொடுத்தீர்கள். அம்மையார்குப்பம் வரை போயிற்று. ஒரு வியாதியை மேளம் கொட்டி வழியனுப்பிய பெருமை நம் ஊருக்கு உண்டு.

அடுத்த சித்திரையில் ஒரு தோட்டத்திலும் மொட்டு வைக்கவில்லை. கும்பிட்டு வாங்கியவர்களே உங்கள் வாசலில் வந்து கத்தினார்கள்: "உன் கை பட்டுதான்யா எல்லாம் பூட்ச்சி!" திருத்தணிச் சந்தையில் உங்கள் கூடையை யாரும் தொடவில்லை.

செடிகளைக் கொளுத்தப் பழைய காகிதம் கேட்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். ஒரு கட்டை அள்ளிக் கொடுத்தேன். அதற்குள் அந்தப் பிரசுரமும் இருந்தது. உங்களுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அதில் படம் போட்டிருந்தது: முறுக்கிய குருத்து, புள்ளி விழுந்த இலை. வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு நான்காக மடித்து என் கையில் வைத்தீர்கள்.

"இது உனுக்கு வேணும் மச்சான். வேற காயிதம் குடு."

அவ்வளவுதான். அக்காவிடம்கூட நீங்கள் சொல்லவில்லை. முருகன் கோபம் தணிந்த திருத்தணி மலையடியில் இருந்துகொண்டு, உங்கள் கோபத்துக்காக நான் வருஷக்கணக்கில் காத்திருந்தேன். வரவே இல்லை. போன மாசியில் உங்களைத் தூக்கிப் போகும்போதும், "நல்ல மனுசன், கைதான் ராசியில்ல" என்றுதான் பின்னால் பேசிக்கொண்டு வந்தார்கள். தோள் கொடுத்துக்கொண்டு அதையும் கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பிரசுரம் இன்னும் நான்காக மடித்தபடியே என்னிடம் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போகிறேன். பதியன் விற்கிறவருக்கு எழுத்துத் தெரியுமோ என்னவோ, படத்தைக் காட்டுகிறேன். யார் தோட்டத்திலிருந்து இது பரவியது என்று கேட்டால், உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், பாவா. என் பெயரைச் சொல்வேன்.