அந்தப் பச்சைப் புள்ளி நான்தான்

லாஸ் மெஸ்கிதெஸ்,
திங்கட்கிழமை, கடையிலிருந்து.

அன்பு மகள் யாதிராவுக்கு,

அப்பா எலெயுத்தேரியோ, ஊராருக்குத் தோன் தேலோ, எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, நாய் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சிக்காகோவில் நீயும் மருமகனும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அங்கே குளிர் இறங்கிவிட்டது என்று, வேனில் அங்கே சாமான் கொண்டுபோய் வருகிற மக்காரியோ சொன்னான். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது; நான்தான் அதைக் கைவிட்டேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று முதல் நான் பேனா பிடிப்பது டயர் மேல் ஆள் பெயர் எழுதத்தான். ஆனாலும் இதைப் போனில் சொல்ல முடியாது. உன் குரல் கேட்டாலே அம்மா போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதனால் மக்காரியோவின் வேனில், பாலாடைக்கட்டிக்கும் மோலே மசாலாவுக்கும் நடுவில் இதைச் சொருகி அனுப்புகிறேன். காகிதம் மிளகாய் வாசம் அடித்தால் மன்னித்துக்கொள்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை உன் போனில் உன் தம்பி நாபோரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்ததே, அது நாபோர் இல்லை. நான்தான்.

“அப்பா, தம்பி ஆன்லைன்ல இருக்கான்! பேர் திரும்ப வந்துடுச்சுப்பா!” என்று நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குள் அம்மா கடைக்குள் வந்து நின்றுவிட்டாள். அந்த நொடியில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். எப்போதும் மூடாத இந்த வாய் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். போன வருஷம் சோள அறுவடையின்போது, வயலில் நின்றுபோன டிராக்டருக்கு டயர் ஒட்டப் போன பிள்ளையும் வரவில்லை, அவன் ஓட்டிப்போன வண்டியும் வரவில்லை. அதற்குப் பிறகு அவனுடைய பேஸ்புக் பக்கம்தான் அம்மாவுக்கு வீடு. காலையில் எழுந்ததும் “சாப்பிட்டியாடா?” என்று அதில் எழுதுவாள். தெரியாதவர்கள் வந்து “ஆத்மா சாந்தி அடையட்டும்” என்று எழுதினால், உட்கார்ந்து ஒவ்வொருவரோடும் சண்டை போடுவாள். பிறகு அந்தப் பாவிகள் பணம் கேட்டுப் போனில் கூப்பிட்டார்கள். “அவன் எங்ககிட்டதான் இருக்கான், தாடையில தழும்பு இருக்கு, உண்டா இல்லையா?” என்றார்கள். அம்மா மயங்கி விழுந்தாள். தழும்பு அவன் படத்திலேயே தெரிகிறது, அதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தவள் நீதான். “அந்தப் பக்கத்த மூடுங்கப்பா. ஒரேயடியா மூடுங்க” என்று நீ அழுததும் நியாயம்தான்.

நீ அனுப்பிய பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு, போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பிரிசாவிடம் போனேன். நம் நாய் பார்ச்சேயின் பெயரும் நாபோர் பிறந்த வருஷமும். அவனைத் தவிர வேறு யார் இவ்வளவு சுலபமாகப் பாஸ்வேர்டு வைப்பார்கள்? பிரிசா என்னை உட்கார வைத்து விளக்கினாள். ஒரேயடியாக அழிப்பது ஒன்று. ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பார்களாம். அதற்குள் யாரும் உள்ளே வராவிட்டால் படம், பேச்சு, எல்லாமே போய்விடுமாம். தற்காலிகமாக முடக்குவது இன்னொன்று. பெயர் யார் கண்ணிலும் படாது, ஆனால் உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். எத்தனை வருஷம் கழித்து அவன் எங்கிருந்து பாஸ்வேர்டு போட்டாலும் தானாக எழுந்துகொள்ளும்.

“மூணாவதும் ஒண்ணு இருக்கு, தோன் தேலோ. நினைவுப் பக்கமா மாத்தலாம். ஆனா அதுக்கு...” என்று இழுத்தாள்.

“அதுக்கு?”

“இறப்புச் சான்றிதழ் கேப்பாங்க.”

நான் இரண்டாவதைச் செய்யச் சொன்னேன். “சரி, பாஸ்வேர்டையாவது மாத்திடலாம், கண்டவன் நுழைய மாட்டான்” என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். பிள்ளை எங்கிருந்தோ வந்து, பழைய சாவியை வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலிலேயே வெளியே நிற்க வேண்டுமா? உன்னிடம் “ஆச்சும்மா” என்று மட்டும் சொன்னேன். எது ஆச்சு என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் உன் அப்பாவின் தொழில் என்ன? ஒட்டுப் போட்ட டியூபைத் தண்ணீரில் மறுபடி முக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்காமல் எந்த வண்டியையும் நான் அனுப்பியதில்லை. வியாழக்கிழமை கடையில் ஆள் இல்லை. முடக்கியது சரியாக முடங்கித்தான் இருக்கிறதா, இல்லை எங்காவது காற்று கசிகிறதா என்று ஒரு சந்தேகம். கம்ப்ரசருக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாயின் பெயரையும் வருஷத்தையும் போட்டேன். “மீண்டும் வருக, நாபோர்” என்றது. என்னை அவ்வளவு மரியாதையாக யாரும் வரவேற்றதில்லை. அது தூங்குகிறதா என்று பார்க்கப் போன நானே அதை எழுப்பிவிட்டேன் என்று புரிவதற்குள் உன் போன் வந்துவிட்டது.

பிரிசாவிடம் ஓடினேன். தலையில் அடித்துக்கொண்டாள். “உங்களுக்கு வேற வேலையே இல்லையா? குழந்தை தூங்குதான்னு பாக்க யாராவது கன்னத்துல அறைவாங்களா?” என்று திட்டிக்கொண்டே மறுபடி முடக்கிக் கொடுத்தாள். திட்டி முடித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். அவளும் நாபோரும் ஒரே வகுப்பு.

நான் வீட்டுக்குப் போனபோது அம்மா அவனுடைய நீலச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். கோழி அடுப்பில் இருந்தது. வாசல் கேட்டின் பூட்டைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு ரெமேதியோஸைக் கூப்பிட்டு, “பாத்தியா? போன வருஷம் என்ன சொன்னே?” என்று கேட்டாள். உனக்கு ஞாபகம் இருக்கும். போன வருஷம் இறந்தவர்கள் திருநாளுக்கு ரெமேதியோஸ் நல்ல மனசோடுதான் நாபோரின் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். “செத்தவங்களுக்கு வைக்கிற மேஜையில எம்புள்ளையையா வைப்பே? எடுடி அத!” என்று அம்மா அவளைத் தெருவரைக்கும் விரட்டினாள். இந்த வருஷம் அதே ரெமேதியோஸ் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். இதற்கு நடுவில் போய், பச்சைப் புள்ளி உன் புருஷன்தான் என்று எப்படிச் சொல்வேன்?

சனிக்கிழமை, காணாமல் போனவர்களைத் தேடப் போகிற நாள். அம்மா வரவில்லை. “உயிரோட இருக்கறவன மண்ணுக்குள்ள எதுக்குத் தேடணும்? நான் வீட்ல இருக்கேன், அவன் வந்தா யாராவது இருக்க வேணாமா?” என்றாள். நான் மட்டும் அம்பாரோ அம்மாளின் குழுவோடு மலையடிவாரத்துக்குப் போனேன். இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, உருவி, அடியில் யாராவது புதைந்திருக்கிறார்களா என்று நுனியை முகர்ந்து பார்க்க வேண்டும். எப்போதும் முகர்ந்து சொல்வது உன் அம்மாதான். குழுவிலேயே நல்ல மூக்கு அவளுக்கு. என் மூக்கு ரப்பர் பசையைத் தவிர எதையும் அறியாது. அதனால் நான் கம்பியை விட்டுவிட்டு, வேலிக்கள்ளி ஓரமாகச் சும்மா நடந்தேன்.

அங்கே ஒரு செருப்பு கிடைத்தது. தோல் வார் மக்கிப்போயிருந்தது. அடிப்பாகம் டயர் ரப்பர். ரப்பர் மக்காது, மகளே. இடது கால் செருப்பு. குதிகாலில் மட்டும் கூடுதலாக ஒரு துண்டு வைத்து நாலு ஆணி அடித்திருந்தது. உன் தம்பி காலை இழுத்து நடப்பான், இடது குதிகால் எப்போதும் முதலில் தேயும் என்பது உனக்குத் தெரியும்.

அம்பாரோ அம்மாள் பக்கத்தில் வந்து, “தோன் தேலோ, இது உங்களுக்குத் தெரிஞ்சதா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“டயர் தெரியும். நம்ம நாட்டுல பாதி லாரி இதுலதான் ஓடுது” என்றேன்.

நான் சொன்னால் எப்போதும் சிரிக்கிற பெண்கள் அவர்கள். யாரும் சிரிக்கவில்லை. என் தொப்பி எங்கேயோ விழுந்திருந்தது போலிருக்கிறது. அம்பாரோ அம்மாள் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு, கொடி நட்டு அடையாளம் வைத்தார். அதற்குப் பிறகு கம்பியோடு வந்தவர்கள் அங்கேயே தோண்டினார்கள். நான் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அரசாங்க ஆட்கள் வந்து, கிடைத்ததைப் பைகளில் எடுத்துப் போயிருக்கிறார்கள். நானும் அம்மாவும் முன்பே சோதனைக்குக் கொடுத்த எச்சிலோடு ஒப்பிட்டுக் காகிதம் வர மாதக்கணக்காகுமாம். குதிகால் தேய நடக்கிறவர்கள் இந்த ஜில்லாவில் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். காகிதம் வரட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “என்ன, ஒண்ணும் இல்லைதானே?” என்றாள். “இல்ல” என்றேன். “நான்தான் சொன்னேனே” என்று கோழிக்குழம்பு போட்டாள். நாபோருக்கு எடுத்து வைத்த பங்கையும் நேற்று நானே சாப்பிட்டேன். கெட்டுப்போகும் என்றாள்.

இனி நான் கேட்கப்போவதைக் கோபப்படாமல் படி. அந்தப் பக்கத்தை ஒரேயடியாக அழிக்காதே. அதில் அவன் பார்ச்சேயைக் குளிப்பாட்டுகிற படம் இருக்கிறது, கடை வாசலில் என் வழுக்கையைக் கேலி செய்து பாடுவது இருக்கிறது. அம்மா அவற்றைக் கேட்கிற நாள் வரும். தூங்குகிறபடியே தூங்கட்டும்.

ஆனால் பாஸ்வேர்டை மாற்றிவிடு. மாற்றி, எனக்குச் சொல்லாதே. நான் கெஞ்சுவேன், அப்போதும் சொல்லாதே. என் கை சும்மா இருக்காது என்று எனக்கே தெரியும். இன்னொரு தடவை உன்னையும் அம்மாவையும் அப்படிக் கத்த வைத்தால் என்னால் தாங்க முடியாது.

மாற்றிவிட்டால் தம்பி பழைய பாஸ்வேர்டோடு வந்தால் உள்ளே நுழைய முடியாதே அப்பா என்று கேட்பாய். தெரியும், மகளே. மாற்று.

மாற்ற நீ உள்ளே போக வேண்டியிருக்கும். போனால் பச்சைப் புள்ளி எரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை, இங்கே பூசை மணி அடித்த பிறகு செய். அம்மா கோயிலில் இருப்பாள், போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். நான் கடையில் என் போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ அவசரப்பட வேண்டாம். கொஞ்ச நேரம் எரியட்டும். பிறகு மெதுவாக அணைத்துவிடு.

அம்மாவிடம் நானே சொல்வேன், காகிதம் வந்த பிறகு. நீ அந்தச் சமயத்தில் போனில் இரு. கேட்டின் பூட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்.

உன் நெற்றியிலும் குழந்தையின் நெற்றியிலும் சிலுவை வரைந்து இதை மடிக்கிறேன். ஓரத்தில் இருக்கிற கறுப்பு என் கட்டைவிரல்தான், பயப்படாதே. வேளைக்குச் சாப்பிடு. நடந்து போகும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துப் போ. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை எழுது, ஒவ்வொரு நாளும்.

உன்னை ஆசீர்வதிக்கும்
அப்பா