அட்ரியன் கட்டிய முடிச்சு

கூலாய்,
நவம்பர் 27

அன்பு மகன் அட்ரியனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. பெர்த்தில் நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, சொன்ன பொய்யே போதும் என்றிருக்கிறது. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, வலது கை ஆள்காட்டி விரலில் ஐந்து தையல், பேனாவை நடுவிரலில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம், நீதான் இரண்டு வாரத்துக்கு மேலாக என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லையே. அது மட்டும் காரணம் இல்லை, கையால்தான் எழுத வேண்டும் என்று ஒருத்தி உத்தரவு போட்டிருக்கிறாள், அதைப் பிறகு சொல்கிறேன்.

அபிகெயில் உனக்கு என்ன மெசேஜ் அனுப்பினாள் என்று எனக்குத் தெரியும். நீ தூண்டிலில் கட்டிக் கொடுத்த முடிச்சு அறுந்துதான் என் அப்பாவின் கண் போனது, என் கல்யாணத்துக்கு வராதே, உன் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறாள். உன் சித்தப்பா மகள் என்று யாராவது சொன்னால்கூட, இல்லை, என் தங்கச்சி என்று நீ சண்டைக்குப் போவாய், அந்தப் பிள்ளை உனக்கு இப்படி எழுதிவிட்டாள். நீயும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாயாம். ஏண்டா, வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? நான் ஒழுங்காகத்தான் கட்டினேன் என்று ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? உன் மேல்தான் தப்பு என்று நீயே நம்பிவிட்டாய். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நீ கட்டிய முடிச்சு அறுந்து போகவில்லை. நான் அதைக் கத்தியால் வெட்டி எடுத்தேன். வாலண்டைன் சித்தப்பாவின் கண் போனது என்னால்.

நடந்ததைக் கேள். இந்த மாதம் எட்டாம் தேதி, சனிக்கிழமை, நானும் உன் சித்தப்பாவும் தஞ்சோங் பாலாவ் கடற்கரைக்குத் தூண்டில் போடப் போனோம். நீ ஜூன் மாதம் வந்திருந்தபோது பார்த்த கடல் இல்லை அது. வாடைக்காற்று ஆரம்பித்துவிட்டது, அலை ஒவ்வொன்றும் கரையை உதைத்தது, மணலை வாரிக்கொண்டு போய் மறுபடியும் நம் முழங்காலிலேயே அடித்தது. அலை இரண்டு இடத்தில் உடைந்தது, இரண்டு மணல் திட்டு. முதல் திட்டுக்கு இந்தப் பக்கம் எறிந்தால் கெளுத்திதான் வரும், முள்ளால் குத்தும், தின்னவும் ஆகாது. இரண்டாவது திட்டைத் தாண்டி எறிந்தால் செனாங்கின், அதுதான் தின்கிற மீன். நான் எறிவது தொண்ணூறு மீட்டர், அது அந்தத் திட்டின் முதுகில் விழும், அலை தூண்டில் ஈயத்தைத் தூக்கிக் கரைக்கே திருப்பி அனுப்பிவிடும். உன் சித்தப்பா நூற்றுப் பத்து எறிவான். காலையிலிருந்து அவனுக்கு நாலு செனாங்கின், எனக்கு ஏழு கெளுத்தி. அந்த இருபது மீட்டர்தான் என் புத்தியைத் தின்றது.

அவன் சும்மா இருந்திருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு மீனையும் என் கண் முன்னே தூக்கிக் காட்டி, தலையில் இரும்புக் குழாயால் இரண்டு போடு போட்டுவிட்டு, "அண்ணி, உங்களுக்கு கெளுத்திதான் லா, அது பாத்திரம் கழுவுற கை" என்றான். முப்பத்தோரு வருஷம் செனாய் தொழிற்சாலையில் பெட்டி தூக்கிய கை இது. உங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை கரையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவர்தான் நிற்பார், அவன் வாயையும் என் கையையும் அடக்குவதே அவர் வேலை, பாவம், அந்த மனிதர் என்றைக்கு நிம்மதியாக மீன் பிடித்தார். இப்போது நடுவில் யார் இருக்கிறார்கள்? பத்து மணி சுமாருக்கு என் தூண்டிலும் அவன் தூண்டிலும் பின்னிக்கொண்டது. பொறுடா, எடுத்துவிடுகிறேன் என்கிறேன், அவன் கத்தியை எடுத்து என் ஈயத்தையும் தூண்டில் முள்ளையும் சேர்த்துக் கடலோடு அறுத்துவிட்டான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, பளார் என்று கன்னத்தில் ஒன்று விட்டேன். அவன் என் இறால் டப்பாவைத் தூக்கி அலையில் வீசினான். நான் மண்ணை வாரி அவன் மூஞ்சியில் அடித்தேன். "உன் மூஞ்சிய ஒடைக்கிறேன் பாருடா" என்று கத்தினேன். பக்கத்தில் ஜமால் பாக்சிக் என்று ஒரு மலாய்க்காரப் பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர், அவருக்கு அது புரிந்துவிட்டது. "அலாமாக், சூடா லா கக்காக்" என்று, போதும் அக்கா என்பதுபோல் கையைக் காட்டினார். ஐம்பத்தெட்டு வயசில் கொழுந்தனை ஊர் பார்க்க அடித்தேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது, எழுதாமலும் முடியாது.

இனிமேல்தான் விஷயம். நீ வாங்கித் தந்த பதினாலு அடி ராடில், ஜூன் மாதம் நம் சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்து, மெல்லிய தங்கூசி நூலுக்கு முன்னால் எட்டு மீட்டருக்குத் தடித்த லீடர் சேர்த்துக் கட்டினாயே, எச்சில் தொட்டு, குறட்டால் இழுத்து இழுத்துப் பார்த்தாயே. எறியும்போது விழுகிற அடியை அந்தத் தடித்த லீடர்தான் தாங்கும், மெல்லியது தாங்காது, அம்மா, எதை மாத்தினாலும் மாத்துங்க, இத மட்டும் தொடாதீங்க என்று மூன்று தடவை சொன்னாய். எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு எறிக்கும் அந்த முடிச்சு ராடின் வளையத்தில் டிக், டிக் என்று தட்டிக்கொண்டு போகும் இல்லையா, அந்தத் தட்டலில் தூரம் குறையும். அன்றைக்கு அந்தச் சத்தம் எனக்குக் காதில் ஊசி குத்துவது போல இருந்தது. மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தேன், முடிச்சுக்கு ஒரு முழம் மேலே வெட்டினேன், லீடரைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு நூற்றைம்பது கிராம் ஈயத்தை மெல்லிய தங்கூசியிலேயே நேராகக் கட்டினேன். முதல் எறி கொஞ்சம் பயந்து எறிந்தேன். சத்தமே இல்லை, போய்க்கொண்டே இருந்தது, திட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. மாதாவே, என்ன சந்தோஷம். அவனைத் திரும்பிப் பார்த்தேன், முகம் செத்துப்போயிருந்தது. மீன் கடிக்கக்கூட விடவில்லை, அவனை முழுசாகத் தோற்கடிக்க வேண்டும் என்று ரீலைச் சுற்றி எடுத்து, பலம் எல்லாவற்றையும் கூட்டி மறுபடியும் எறிந்தேன்.

துப்பாக்கி வெடித்தது என்றுதான் நினைத்தேன், தங்கூசி அறுந்த சத்தம் அது. தங்கூசி என் விரலை எலும்புவரை அறுத்துக்கொண்டு போனது, அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஈயம் கடல் பக்கம் போகவில்லை. இருபதடி தள்ளி வலது பக்கத்தில் நின்று தூண்டிலை இழுத்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்த நேரம் இடது கண்ணில் போய் அடித்தது. கன்ன எலும்பு உடைந்த சத்தத்தை நான் கேட்டேன், அட்ரியன். அந்த அலைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. அவன் கத்தவில்லை, முட்டி போட்டு உட்கார்ந்தான், அப்படியே முகம் குப்புற விழுந்தான், அலை வந்து ரத்தத்தை இழுத்துக்கொண்டு போனது, மறுபடியும் கொண்டுவந்தது. நானும் ஜமால் பாக்சிக்கும் புரட்டிப் போட்டோம், என் துப்பட்டாவை முகத்தில் வைத்து அழுத்தினேன், என் விரல் ரத்தம் எது அவன் ரத்தம் எது என்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் கைவிட்ட ராட் மணலில் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பாக்சிக் பாய்ந்து பிடித்து இழுத்தார், என் முழங்கை நீளத்துக்கு ஒரு செனாங்கின். கரையிலிருந்து முப்பதடிதான். தண்ணீர் ஏறி மீன் கரைக்கே வந்துவிட்டிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் அதன் தலைக்கு மேலே எறிந்துகொண்டிருந்தோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மீனைக் காலால் எட்டி உதைத்துக் கடலில் தள்ளினேன்.

வேண்டும் என்று அடிக்கவில்லை, சத்தியம். ஆனால் அவன் அங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும், அறுந்தால் எங்கே வேண்டுமானாலும் போகும் என்பதும் தெரியும். ஆஸ்பத்திரியில் கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கரையில் நடந்த சண்டையை ஜமால் பாக்சிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அபிகெயில் என் சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினாள். "அப்பா மூஞ்சிய ஒடைக்கிறேன்னு சொன்னீங்களாமே பெரியம்மா, ஒடைச்சிட்டீங்களா, இப்ப சந்தோஷமா" என்று கேட்டாள். கொலைகாரியைப் பார்ப்பது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பயந்துவிட்டேன். "அட்ரியன் கட்டுனதும்மா, அறுந்துபோச்சு" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் கை என் கழுத்தை விட்டது, அந்தக் கை நேராக உன்னைப் போய்ப் பிடித்துக்கொண்டது. இரண்டாயிரத்து நானூறு மைல் தள்ளி இருக்கிறவன்தானே, இவனுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன் பார், தாயா நான்?

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பாதர் செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். அவன் கண்ணும் வரவில்லை, நீயும் போன் எடுக்கவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு ஆயர் ஈத்தாமிலிருந்து சின்னச் சின்ன மண்ஜாடி வாங்கி வந்து கூடம் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். உன் சித்தப்பா கட்டுப் போட்ட கண்ணோடு நாற்காலியில் இருக்கிறான், சிங்கப்பூர் பஸ் ஓட்டியவன், இனி ஓட்ட முடியாது. பையிலிருந்து லீடர் சுருளை எடுத்து மேஜையில் வைத்து, அட்ரியன் கட்டியது இதோ இருக்கிறது, நான்தான் வெட்டினேன் என்றேன். சொல்லி முடிக்கவில்லை, முதல் ஜாடி என் காதோரம் போய்ச் சுவரில் உடைந்தது. இரண்டாவது தோளில் பட்டது. "எங்கண்ணன என்னா பேச்செல்லாம் என்னைய பேச வச்சிட்டீங்க" என்று கத்திக்கொண்டே அபிகெயில் எறிகிறாள், செல்வராணி சித்தி இடுப்பைப் பிடித்து இழுத்தும் நிறுத்த முடியவில்லை. நான் குனியவில்லை. பதினோரு ஜாடி உடைந்தது.

அவளை நிறுத்தியது உன் சித்தப்பாதான். "போதும்மா, எனக்கு அப்பவே தெரியும்" என்றான். "மொத எறியிலயே டிக் சத்தம் வரல. அண்ணி லீடர வெட்டிட்டாங்கன்னு தெரிஞ்சிபோச்சி. ஒரு வார்த்த சொல்லி நிறுத்தியிருக்கலாம். அடுத்த எறியில அறுந்து ஈயம் போவும், நல்லா சிரிக்கலாம்னு திரும்பி நின்னு பாத்தேன்" என்றான். பிள்ளை மேல் பழி போனது தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்று அழுதான், அந்த ஒரு கண்ணால். அவனைப் பளாரென்று அறைந்த கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அபிகெயில் உடைந்த ஓட்டுக்கு நடுவில் உட்கார்ந்து அந்த முடிச்சை எடுத்தாள். இரண்டு பக்கமும் கையில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். உள்ளங்கையில் ரத்தம் வந்தது, முடிச்சு அசையவில்லை. அப்புறம்தான் அந்த உத்தரவு. போனில் சொன்னால் அழுதே மழுப்பிவிடுவீர்கள், ஒன்று விடாமல் உங்கள் கையால் எழுதுங்கள், எனக்குக் காட்டிவிட்டு அனுப்புங்கள் என்றாள். காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அவள் உனக்குத் தனியாக எழுதமாட்டாளாம், எழுத வெட்கமாக இருக்கிறதாம். இதை மட்டும் சேர்க்கச் சொன்னாள்: ஜனவரி பத்தாம் தேதி கோவிலுக்குள் நடக்கும்போது அப்பாவுக்கு இடது பக்கம் தெரியாது, அந்தப் பக்கம் அண்ணன் வர வேண்டும்.

அய்யா, என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாய் இல்லை. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, வந்துவிடு. வேளைக்குச் சாப்பிடு. அங்கே கடலுக்குப் போனால் யார் பக்கத்திலும் நிற்காதே, யாரையும் பக்கத்தில் நிற்க விடாதே, தூரத்துக்கு ஆசைப்படாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ எடுத்துவைக்கும் அடியெல்லாம் நல்லபடியாக அமையட்டும். கோட் தைக்கத் தோள் அளவை அபிகெயிலுக்கு அனுப்ப மறக்காதே.

உன் பெயரைச் சொல்லித் தப்பித்த
அம்மா
பியாட்ரிஸ்

பி.கு.: கவருக்குள் பஞ்சில் சுற்றி வைத்திருப்பது அந்த முடிச்சு. அதில் இருக்கும் பழுப்புக் கறை அபிகெயில் கை ரத்தம், கழுவவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நீயும் ஒருதரம் இழுத்துப் பார்.