வெளுக்காத சேலை

திருப்பூர், 11.4.1991

உங்களுக்கு,

"இத்தனை படித்து என்ன கண்டாய்?" என்று பிரியும்போது கேட்டீர்கள். பதிலாக இதை எழுதுகிறேன்.

இன்று கோயில் பெரியவர் நல்லான், அம்மனின் பழைய சேலையோடு நான் வேலை பார்க்கும் சாயப்பட்டறை ஆய்வகத்துக்கு வந்தார்.

"ஒரே அழுக்குக் கறைங்க அம்மிணி, வெளுத்துக் குடுங்க."

வெளுத்தால் இற்றுப்போகும் என்றேன், கேட்கவில்லை. உதிர்ந்த ஓர் இழையில் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டேன். சிவந்தது.

"ஆரத்தித் தண்ணியாட்டச் செவக்குதுங்களே!"

"அழுக்கில்லீங்க. அம்மனுக்குப் பூசுன மஞ்சள்."

"அட சாமி! இதை வெளுத்திருந்தா ஆத்தா என்னைய வெளுத்திருப்பா."

மறுநாள் எழுதுவது: எல்லோரும் கும்பிட, சேலையைக் கறையோடு கோயிலில் விரித்தார்கள். புருஷனைப் பிரிந்தவள் என்று என்னைத் தள்ளி நிறுத்தும் ஊரில், ஒரு முனையைப் பிடிக்க நல்லான் என்னை அழைத்தார். பிடித்தேன்.

தன் பெயரில் உங்கள் முதலெழுத்தை இன்னும் மாற்றாதவள்